அக்கன் வைத்த ஆதுலர் சாலை

தஞ்சாவூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்று பெயர். நோயாளிகளையும் நாதியற்றவர்களையும் ஆதுலர் என்று சொன்ன காலம் அது. அவர்களுக்காகச் சோழ அரசகுமாரி ஒருத்தி, தன் தகப்பனார் பெயரில் நிலம் விட்டு நடத்திய சாலை. இன்று அதன் ஒரு செங்கல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்ன தெருவில் இருந்தது என்று காட்ட ஒரு பலகையும் கிடையாது. ஊரில் பெரிய மனிதர் ஒருவர் போனால் நாளிதழில் படம் போட்டு நாலு வரி எழுதுகிறோம். பிணியாளிகளுக்குப் பாயும் மருந்தும் கஞ்சியும் கொடுத்த ஒரு சாலை போனதற்கு யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

தஞ்சைச் சாலைக்கு அந்தமானிலிருந்து ஏன் அஞ்சலி என்று கேட்கலாம். காரணம் எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள். ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கிய தீவுகள் இவை என்று அந்த அறிவிப்பிலேயே உள்துறை அமைச்சர் சொன்னார். அதைக் கேட்டபோது தீவுத் தமிழர்களாகிய எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்ற கதையை இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அறிவார்கள். அவன் மெய்க்கீர்த்தியில், வென்ற ஊர்களின் வரிசையில், மாநக்கவாரம் என்று எங்கள் நிக்கோபாரும் வருகிறது.

அந்த ராஜேந்திரனுக்குக் குந்தவை என்று ஓர் அத்தை இருந்தாள். பழையாறை அரண்மனையில் அவனை வளர்த்தவர்களில் அவளும் ஒருத்தி என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தஞ்சை ஆதுலர் சாலைக்குக் கொடை கொடுத்தவள் அவள்தான். மருமகன் வென்ற நாட்டின் பெயர் இன்று ஒரு நகரத்துக்கே வாய்த்திருக்கிறது. அத்தை வைத்த சாலையின் பெயர் ஒரு சந்துக்குக்கூட இல்லை. சோழர் என்றால் கப்பல், படை, கடாரம் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். நோயாளி தலைமாட்டில் எரிந்த விளக்கும் சோழர் விளக்குதான் என்று சொல்ல ஒருவராவது வேண்டும்.

குந்தவையின் வாழ்க்கையில் துக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. சுந்தர சோழன் என்கிற இரண்டாம் பராந்தகனுக்கும் மலையமான் குலத்து வானவன் மாதேவிக்கும் பிறந்தவள். ஆதித்த கரிகாலனுக்கும் அருண்மொழிக்கும் உடன்பிறந்தவள். வீரபாண்டியனை வென்ற ஆதித்த கரிகாலனைச் சதி செய்து கொன்றார்கள். அந்தக் கொலைகாரர்களின் நிலங்களைப் பறித்து விற்ற செய்தி, காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டில் பெயர் பெயராக இருக்கிறது. சுந்தர சோழன் காஞ்சிபுரத்துப் பொன் மாளிகையில் உயிர் விட்டான். அதனால்தான் அவனுக்குப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று பெயர். கணவனோடு வானவன் மாதேவியும் உயிர் துறந்தாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. அண்ணன், அப்பா, அம்மா என்று ஒருவர் பின் ஒருவராகப் பறிகொடுத்த பெண்ணுக்கு மிஞ்சியவன் தம்பி அருண்மொழி ஒருவனே. சித்தப்பா முறையான உத்தம சோழன் ஆண்டு முடித்த பிறகு, 985இல் அவன் ராஜராஜனாக அரியணை ஏறினான்.

வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற சிற்றரசருக்கு அவளைக் கொடுத்திருந்தார்கள். அரச குலத்துப் பெண்ணைச் சிற்றரசர் குடியில் கொடுப்பதும், அவர்கள் பெண்ணை எடுப்பதும் சோழர்களுக்குப் புதிதல்ல. பழுவேட்டரையர், மலையமான், கொடும்பாளூர் இருக்குவேளிர் என்று அந்தக் கொள்வினை கொடுப்பினைதான் சோழ நாட்டைக் கட்டி நிறுத்தியது. படையால் பிடித்த நிலத்தைப் பெண் கொடுத்துத் தக்க வைத்துக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கல்வெட்டில் இன்னார் மகள், இன்னார் தேவி என்ற இரண்டு சொல்லோடு முடிந்து போனார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. ஸ்காட்லாந்தின் அரசர் ராபர்ட் புரூஸின் மகள் மார்ஜரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமியாக இருந்தபோதே இங்கிலாந்துக்காரர்கள் சிறைபிடித்து எட்டு ஆண்டு மடத்தில் அடைத்து வைத்தார்கள். 1314இல் அப்பா போரில் வென்ற பிறகு விடுதலை. மறு ஆண்டே வால்ட்டர் ஸ்டூவர்ட் என்ற பிரபுவுக்குத் திருமணம் செய்து கொடுத்தார்கள். பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் இறந்து போனாள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் அரசனாகி ஸ்டூவர்ட் வம்சத்தைத் தொடங்கி வைத்தவன். மார்ஜரியை இன்று யாராவது நினைக்கிறார்கள் என்றால் அது மகனை முன்னிட்டுத்தான். அரசகுமாரி பிரபு வீட்டுக்குப் போனால் உலகம் அவள் வயிற்றைத்தான் பார்க்கிறது. குந்தவையை அப்படிப் பார்க்க முடியாது. அவள் பெயர் நிற்பது அவளே செய்த காரியங்களால்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள் ஆணை வெட்டப்பட்டிருக்கிறது. அரண்மனையில் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி, வாய்மொழியாக அவன் சொன்னது. தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான். வரிசையைக் கவனியுங்கள். தனக்கு அடுத்து அக்கா, அதற்குப் பிறகுதான் பட்டத்தரசியர். உலகை ஆண்டவன் வாயிலிருந்து வீட்டில் கூப்பிடுகிற அந்த 'அக்கன்' என்ற முறை அப்படியே கல்லில் ஏறியிருக்கிறது. கல்வெட்டில் குந்தவையின் முழுப் பெயர் வரும் இடத்திலும் முதலில் வருவது ராஜராஜ தேவரின் திருத்தமக்கையார் என்பது, அதற்குப் பின்தான் வந்தியத்தேவர் மாதேவியார் என்பது. கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீட்டில் அவள் இடம் அவளுடையதாகவே இருந்தது.

அவள் என்ன கொடுத்தாள் என்ற கணக்கைப் படித்தால் கண் கூசும். பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும் நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல்லாலும் நிறுத்து, ஒவ்வொரு மாலையிலும் எத்தனை முத்து, எத்தனை பவழம், அந்த முத்தில் எவை உருண்டை, எவை கரடு என்றுகூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். உமாபரமேசுவரித் திருமேனிகளைச் செய்து வைத்தாள். அவற்றோடு இரண்டு உருவங்களையும் எழுந்தருளுவித்தாள். ஒன்று பொன்மாளிகையில் துஞ்சிய அப்பா. மற்றொன்று அம்மா. தீயில் போன தாயைச் செம்பில் வார்த்து, நகை பூட்டி, நித்தப் படையலுக்குக் காசும் வைத்தாள் மகள். கல்வெட்டின் கறாரான கணக்கு நடைக்குள் எனக்கு ஒரு பெண்ணின் அழுகை கேட்கிறது.

அந்த இரண்டு செம்புத் திருமேனிகளும் இன்று கோயிலில் இல்லை. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகளைச் சொல்கின்றன. எஞ்சியவை ஆடவல்லான் என்ற நடராசர் போன்ற மிகச் சிலவே. பெரிய கோயிலிலிருந்து களவு போய் அகமதாபாத் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த ராஜராஜன், அவன் தேவி லோகமாதேவி சிலைகளை 2018இல் மீட்டு வந்தபோது தஞ்சை மக்கள் மேளதாளத்தோடு வரவேற்றார்கள். அக்கனின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த நாள் இன்னும் வரவில்லை.

சாலையின் கதைக்கு வருவதற்கு முன் இன்னும் இரண்டு ஊர்களைச் சொல்ல வேண்டும். திண்டிவனம் பக்கத்தில் தாதாபுரம் என்ற ஊர் இருக்கிறது. அன்று ராஜராஜபுரம். அங்கே அவள் சிவனுக்கு இரவிகுல மாணிக்க ஈசுவரம் கட்டினாள். பெருமாளுக்குக் குந்தவை விண்ணகரம் கட்டினாள். சமணருக்குக் குந்தவை ஜினாலயம் கட்டினாள். ஒரே ஊரில், ஒரே கையால், மூன்று சமயத்துக்கு. முதல் இரண்டும் நிற்கின்றன. ஜினாலயம் அழிந்துவிட்டது.

இன்னோர் ஊர் போளூர் அருகே திருமலை. அங்கேயும் ஒரு குந்தவை ஜினாலயம். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த மலையடியில் ஒரு பாறையில் ராஜேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உண்டு. கங்கை வரை அவன் வென்ற நாடுகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் மெய்க்கீர்த்தி. மூச்சு முட்டும் அளவு வெற்றிகள். எல்லாம் முடிந்து கடைசியில் செய்தி என்னவென்றால், வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை என்பவள் ஸ்ரீகுந்தவை ஜினாலயத்துக்கு நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்தாள் என்பது. வரலாற்று ஆசிரியர்கள் அந்தப் பாறையை மெய்க்கீர்த்திக்காகப் படிக்கிறார்கள். நான் கடைசி இரண்டு வரிக்காகப் படிக்கிறேன். ஒரு பெண் கட்டிய பள்ளிக்கு இன்னொரு பெண் விளக்கு ஏற்றிய செய்தியைச் சொல்வதற்குத்தான் அத்தனை வெற்றிகளும் முன்னுரையாக அமைந்திருக்கின்றன.

இனி சாலை. சுந்தரசோழ விண்ணகர் என்பது பெருமாள் கோயில். சிவபாதசேகரன் என்று பட்டம் பூண்ட ராஜராஜனின் தலைநகரத்தில், அவன் அப்பா பெயரில் ஒரு பெருமாள் கோயில், அதைச் சார்ந்து ஒரு மருத்துவ சாலை. ராஜேந்திரனின் 3ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-15 வாக்கில், பழையாற்று அரண்மனையில் இருந்தபடி குந்தவை இதற்கு நிலக்கொடை அளித்தாள். சவர்ணன் அரையன் மதுராந்தகன் என்ற மருத்துவனுக்கும் அவன் வழியினருக்கும் அந்த நிலத்தின் பயன் போக வேண்டும். பதிலுக்கு அவர்கள் தஞ்சைச் சாலையில் வைத்தியம் பார்க்க வேண்டும். அப்போது ராஜராஜன் காலமாகிவிட்டான். தம்பியும் போன பிறகு, வயது முதிர்ந்த அந்த அம்மாள் செய்த கொடை இது. கோயிலுக்குப் பொன் கொடுத்த கை, கடைசிக் காலத்தில் நோயாளிக்கு வைத்தியரைத் தேடிக் கொடுத்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பார்க்க வேண்டும். காசை மொத்தமாகக் கொடுத்தால் செலவாகிவிடும். அரண்மனைக் கருவூலத்திலிருந்து மாதா மாதம் கொடுத்தால் அரசன் மாறினால் நின்றுவிடும். நிலத்தை விட்டு, அதன் விளைச்சலை வைத்தியன் குடும்பத்துக்கு உரிமையாக்கிவிட்டால் அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று ஏட்டுச்சுவடியும் கைப்பக்குவமும் ஒரே வீட்டில் தங்கும். பெரிய கோயில் கொடைகளிலும் அவள் இப்படித்தான் செய்திருக்கிறாள். ஊர்ச் சபைகளிடம் காசை முதலாக வைத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு மூன்று குறுணி நெல் வட்டியாக வர ஏற்பாடு செய்தாள். எட்டுக்கு ஒன்று என்பது அன்றைய வட்டி. முதலைத் தொடக் கூடாது, வட்டி நிற்கக் கூடாது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்பது அன்று எல்லா அறத்துக்கும் போட்ட எல்லை.

சாலைக்குள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க, அவள் தம்பியின் பேரன் வீரராஜேந்திரன் காலத்துக்குப் போக வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 1060களில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரசோழன் என்ற ஆதுலசாலையின் வரவு செலவு முழுவதும் அதில் உண்டு. பதினைந்து படுக்கைகள். ஒரு நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு நாழி அரிசி. வைத்தியருக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல், ஆண்டுக்கு 90 கலம், அதற்கு மேல் எட்டுக் காசு. அறுவை செய்பவருக்கு நாளுக்கு ஒரு குறுணி. மூலிகை பறித்து வரவும் விறகு கொண்டு வரவும் மருந்து காய்ச்சவும் இரண்டு பேர். நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். நாவிதர் ஒருவர். தண்ணீர் கொண்டு வர ஒருவர். இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு. குடிக்க ஏலமும் இலாமிச்சை வேரும் போட்ட தண்ணீர்.

மருந்துப் பட்டியல் இன்னும் அழகு. தசமூல அரீதகி, கோமூத்திர அரீதகி என்று கடுக்காயில் செய்தவை பல. வில்வாதி கிருதம், கல்யாண லவணம், பல வகைத் தைலங்கள். புராண சர்ப்பி என்ற பழைய நெய்யும் உண்டு. ஆண்டு முழுதும் இருப்பில் இருக்க வேண்டிய மருந்து இவ்வளவு என்று அளவோடு எழுதியிருக்கிறார்கள். ஆதுலசாலையில் மருந்து தீர்ந்து போகக் கூடாது என்று ஓர் அரசு கல்லில் வெட்டி வைத்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சாலை ஊர் மக்கள் எல்லோருக்குமானதல்ல. அந்தக் கோயிலில் வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளருக்கும் ஏற்பட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் சம்பளம் பேசி, படுக்கை எண்ணி, மருந்துக்கு இருப்புக் கணக்கு வைத்து ஆஸ்பத்திரி நடத்தும் அறிவு சோழ நாட்டில் அன்று இருந்தது. அந்தக் கல்வெட்டுக்கு ஐம்பது ஆண்டு முன்பே தஞ்சையில் குந்தவை அதைச் செய்துவிட்டாள்.

இப்படிப்பட்டது எப்படிச் செத்தது? ஒரே நாளில் சாகவில்லை. நிலத்தை நம்பி நின்ற அறம், நிலத்தைக் கண்காணித்த சபை இருக்கும் வரைதான் நிற்கும். சோழர் தலைநகரம் தஞ்சையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனது. அதன் பின் தஞ்சை மெல்ல மெல்லக் கோயில் ஊராகச் சுருங்கியது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அரண்மனைகள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை, கோயில்தான் கல். எரிந்தது எரிந்தது, இடிந்த செங்கல்லை எடுத்து அடுத்தவர் வீடு கட்டினார்கள். குந்தவை இருந்த பழையாறை அரண்மனைக்கும் அதே கதிதான். பட்டீசுவரம் பக்கத்தில் சோழன்மாளிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. மாளிகை இல்லை, ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது.

வைத்தியன் வழியினருக்கு என்று விட்ட நிலம் எங்கும் போகவில்லை. நிலம் எப்படிப் போகும்? இன்றும் யாரோ அதில் நாற்று நடுகிறார்கள், அறுக்கிறார்கள். அந்த மண்ணின் மேல் இருந்த கடமைதான் கழன்று விழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் மறைந்து போன எத்தனையோ அறச்சாலைகள், தண்ணீர்ப் பந்தல்கள், மடங்கள் எல்லாம் இதே வழியில்தான் போயின. அனுபவிக்கிற உரிமை தலைமுறை தலைமுறையாக இறங்கியது. செய்ய வேண்டிய வேலை எங்கோ ஒரு தலைமுறையில் நின்றுவிட்டது. பகைவன் வைத்த தீயைவிட நான் இதற்குத்தான் அதிகம் வருந்துகிறேன்.

இலங்கைக்குப் போனவர்கள் மிகிந்தலை மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தைப் பார்த்திருப்பார்கள். நோயாளி அறைகள் வரிசை வரிசையாகத் தெரியும். மூலிகைச் சாற்றில் நோயாளியைக் கிடத்த, மனித உடம்பின் அளவுக்கும் வடிவத்துக்கும் குடைந்த கல் தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. தலைக்கு ஒரு குழி, தோளுக்கு அகலம், காலுக்கு ஒடுக்கம். அதைப் பார்க்கிற எவருக்கும் அதில் படுத்த யாரோ ஒருவரின் வலி சட்டென்று உறைக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வண்டி வண்டியாக அழைத்து வந்து காட்டுகிறார்கள். நம்மிடம் தொட்டியும் இல்லை, அடித்தளமும் இல்லை. கல்வெட்டு மட்டும் இருக்கிறது. அதையும் படித்தவர் சிலர்.

குந்தவையை நாம் மறக்கவில்லையே என்று யாராவது சொல்லக்கூடும். சரிதான். கல்கி 1950இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதத் தொடங்கியதிலிருந்து இளைய பிராட்டியைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. மணிரத்னத்தின் படம் வந்த பிறகு கதையைப் படிக்காதவர்களுக்கும் அவள் முகம் தெரியும். கல்கி தன் நாவலில் பழையாறையில் அவள் வைத்திய சாலை நடத்துவதை எழுதினார், அது அவர் செய்த நல்ல காரியம். ஆனால் படித்தவர்கள் மனத்தில் தங்கியது வந்தியத்தேவனோடு அவள் பேசிய பேச்சு. நாவல் முடிகிறபோது அவள் இளம்பெண். கல்வெட்டில் இருக்கும் குந்தவை அதற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைத்தவள். கோயில் கட்டினாள், கணக்குப் பார்த்தாள், சபைகளிடம் முதல் வைத்தாள், வைத்தியனுக்கு நிலம் விட்டாள். அந்த நாற்பது ஆண்டுக் குந்தவையை நமக்குத் தெரியாது. தஞ்சையில் அவள் பெயரில் அரசு மகளிர் கல்லூரி ஒன்று நன்றாக நடக்கிறது. பொருத்தமான மரியாதைதான். எனினும் அவள் வைத்த சாலைக்கு நேர் வாரிசு ஆஸ்பத்திரி. அந்த வாரிசு அவளை இன்னும் அறியவில்லை.

தஞ்சாவூர் பிறகும் மருத்துவத்தை விடவில்லை என்பது ஓர் ஆறுதல். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு கழித்து மராட்டிய மன்னர் சரபோஜி அதே நகரத்தில் தன்வந்திரி மகால் என்று வைத்து, சித்தமும் ஆயுர்வேதமும் மேனாட்டு வைத்தியமும் ஒரே இடத்தில் பார்க்கச் செய்தார். அங்கே கைகண்ட மருந்துகளைச் செய்யுளாக்கி வைத்த சுவடிகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. குந்தவையின் சாலையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பதையே 1880களில் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் கல்வெட்டைப் படித்துச் சொல்லித்தான் உலகம் அறிந்தது.

எங்கள் தீவில் தஞ்சைச் சாலையின் கதைக்கு நேர் எதிரான ஒரு காட்சி இருக்கிறது. செல்லுலார் சிறையை ஏழு சிறகாகக் கட்டினார்கள். 1906இல் கட்டி முடித்த அந்தச் சிறையில் இப்போது நிற்பவை மூன்று சிறகுகளே. இடித்த சிறகுகள் இருந்த வளாகத்தில்தான் 1963இல் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை வந்தது. செக்கிழுத்தவர்களும் தூக்கில் ஏறியவர்களும் கிடந்த மண்ணில் இன்று பிரசவ வார்டு இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்தான். தஞ்சையில் சாலை போய் வெறும் மண் ஆயிற்று. இங்கே சிறை போய்ச் சாலை ஆயிற்று. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதுதான், ஓர் அரசு எதை விட்டுச் செல்ல வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

தீவில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காம்ப்பெல் பே இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கமோர்ட்டாவிலிருந்தும் கச்சாலிலிருந்தும் கப்பலில் வந்து ஹேடோ ஜெட்டியில் இறங்குகிறவர்களைப் பாருங்கள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பழைய சீட்டுகளும் எக்ஸ்ரேயும் வைத்த பிளாஸ்டிக் கவர். கூட வந்தவர் நோயாளியைத் தோளோடு அணைத்துப் படியிறக்குவார். அவசரமென்றால் ஹெலிகாப்டருக்கு எழுதிப்போட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இங்கேயும் ஆகாது என்றால் மெயின்லேண்ட், பெரும்பாலும் சென்னை. நடுக்கடலில் வாழ்கிறவர்களுக்கு வைத்தியர் ஒருவர் ஊரில் நிலையாக இருக்கிறார் என்பதே பெரிய பாதுகாப்பு. நிலம் விட்டு, வைத்தியனைப் பரம்பரையாக ஓர் ஊரில் நிறுத்திய அந்த அம்மாளின் யோசனை எங்களுக்கு உடனே புரிவது அதனால்தான். கார் நிக்கோபார் ஆஸ்பத்திரிக்கு அந்த மண்ணின் மைந்தர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரை வைத்திருக்கிறார்கள். நிக்கோபார் மக்கள் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நெருக்கம் இருக்கும். பெயருக்கு அந்த வலிமை உண்டு.

ஆகவே இரண்டு வேண்டுகோள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒன்று. உங்கள் மருத்துவக் கல்லூரி வாசலில் ஒரு கல் நடுங்கள். சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்றும், குந்தவைப் பிராட்டியார் கொடை என்றும், வைத்தியர் சவர்ணன் அரையன் மதுராந்தகன் என்றும் மூன்று வரி வெட்டினால் போதும். வெள்ளை அங்கியோடு முதல் நாள் உள்ளே நுழைகிற மாணவி அதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் தீவு நிர்வாகத்துக்கு ஒன்று. ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துச் சோழரின் கப்பலுக்கு மரியாதை செய்துவிட்டீர்கள். பந்த் மருத்துவமனையில், வெளித்தீவுகளிலிருந்து வருகிற நோயாளிகள் தங்கும் வார்டு ஒன்றுக்குக் குந்தவையின் பெயரை வையுங்கள். பெயரோடு சேர்த்து அந்த வார்டுக்கு மருந்தும் வைத்தியரும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.